பரவியா, பாவியா

பதிப்பிக்க எடுத்துக்கொண்ட பழைய பாட்டு நூலின் ஓலைச் சுவடிக் கட்டை நான்காம் முறையாக அவிழ்க்கச் சொன்னது நான்தான். அவிழ்த்தவர் என் உதவியாளர். ஏடு முறிந்தது அவர் கையில் என்பதால் நிறுவனத்தின் பதிவேட்டில் அவர் பெயரே எழுதப்பட்டது. மறுநாள் நான் அதைத் திருத்தி என் பெயரை எழுதினேன். அதனால் மனம் ஆறிவிடவில்லை.

"இந்த முறை எதற்காக ஐயா?" என்று கேட்டார். "மனம் நிறையவில்லை அம்மா" என்றேன். "போன முறை பார்த்ததில் எத்தனை இடம் மாறியது?" என்று மறுபடியும் கேட்டார். மூன்று இடங்கள் மாறியிருந்தன. மூன்றும் ஒற்று மிகுமா மிகாதா என்பது பற்றியவை. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதைச் சொல்லாமல், "இது வெறும் வேலை இல்லை, தொண்டு. தொண்டில் பிழை இருக்கக் கூடாது" என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை. வயதிலும் பொறுப்பிலும் மூத்தவன், தீட்சை பெற்றவன் என்று எல்லோரும் அறிந்தவன், 'தொண்டு' என்ற சொல்லை எடுத்து முன்னே வைத்துவிட்டால் இளையவர் எதைச் சொல்லி மறுப்பார்? ஏடு முறிந்ததைவிட இந்தப் பதிலைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஐயம் ஒரே ஒரு சொல்லில் இருந்தது. 'பரவி' என்று படிப்பதா, 'பாவி' என்று படிப்பதா? பழைய ஏடுகளில் ரகரமும் காலும் (ா என்ற துணையெழுத்தும்) ஒரே வடிவம். மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் பிரிந்து தெரியா. பொருளையும் யாப்பையும் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். அங்கே பொருள் இரண்டுக்கும் பொருந்தியது: போற்றி வந்தடைந்தேன் என்றாலும் சரி, பாவியாகிய நான் வந்தடைந்தேன் என்றாலும் சரி. அறுசீர் விருத்தத்தில் அந்தச் சீர் தேமாவாகவும் இருக்கலாம், புளிமாவாகவும் இருக்கலாம். மற்ற மூன்று சுவடிகளில் இரண்டு இதைப் பார்த்து எழுதியவை. மூன்றாவதில் அந்த ஏடே இல்லை. ஒளிப்படம் எங்களிடம் இருந்தது. ஆனால் எழுத்தை ஒட்டி ராமபாணப் பூச்சி துளைத்த இடத்தில் நிழல் விழுந்திருந்தது. எழுதியவரின் கை ரகரத்துக்குக் கொஞ்சம் வேறுவிதமாக வளைந்திருக்குமோ என்று நேரில் பார்க்க விரும்பினேன். அதற்கு முந்தைய மூன்று முறையும் அப்படித்தான் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. நான்காம் முறை தெரிந்திருக்கக் கூடும் என்று இன்றும் என்னுள் ஏதோ ஒன்று வாதாடுகிறது.

எனக்கு இந்தப் பழக்கம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். சிறு வயதில் ஓர் ஓதுவாரிடம் தேவாரம் கற்றேன். ஓர் எழுத்துப் பிசகினால் பதிகத்தை முதலிலிருந்து பாடச் சொல்வார். அந்தக் கண்டிப்பை அன்பாகவே உணர்ந்தேன். இன்றும் அப்படித்தான் உணர்கிறேன். பதிப்பு வேலைக்கு வந்தபோது அதையே கொண்டுவந்தேன். காலையில் பூசை முடித்தபின்தான் ஏட்டைத் தொடுவேன். அவசரப் பதிப்பின் ஒரு பிழை அடுத்த பதிப்பிலும் உரையிலும் பாடப்புத்தகத்திலும் ஏறிக்கொண்டு பல தலைமுறைக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஆறு ஆண்டுகள் அந்த நூலை அச்சுக்கு அனுப்பாமல் வைத்திருந்ததை முழுத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் அதே ஓதுவாரைப் பற்றி நான் நினைக்க மறந்த ஒன்றும் உண்டு. காலசந்தி என்னும் காலைப் பூசைக்கு மணி அடித்துவிட்டால், குரல் கட்டியிருந்தாலும், முந்தைய நாள் பாடியதில் மனம் நிறையாவிட்டாலும், அவர் சன்னிதியில் நின்று பாடினார். பிழையைத் திருத்துவது பாடத்தின் பகுதி. பாடாமல் இருப்பதற்கு அது காரணம் ஆகவில்லை. எங்கள் வேலையில் அப்படி ஒரு மணி இல்லை. அதை நான் சுதந்திரம் என்று எண்ணினேன்.

மாலை வகுப்பில், சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களையும் பாடம் சொல்லி வந்தவன் நான். ஆன்மா ஆணவ மலம் என்னும் உயிரின் அழுக்கில் அழுந்தி அறிவும் விழைவும் செயலும் விளங்காமல் கிடப்பதைக் கேவலநிலை என்பார்கள்; அதிலிருந்து எடுப்பதற்காகவே இறைவன் உடலையும் கருவிகளையும் உலகையும் நுகர்ச்சியையும் தந்து உயிரை வினையில் இறக்குகிறான் என்பார்கள். வினையில் பிழை இல்லாமல் இராது. அந்தப் பிழையோடுதான் அந்த மலம் பக்குவப்படுகிறது; முடிவில் நிறைவைத் தருவது அருள், உயிரின் சாமர்த்தியம் அன்று. இதைப் பலமுறை விளக்கிச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை மேசையில் அமர்ந்து, என் கையாலேயே குறையற்றதாக ஆக்கிவிட வேண்டும் என்று காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பை நான் பக்தி என்றேன். ஆணவத்துக்கு அதைவிட நல்ல ஒளிவிடம் கிடைக்காது என்று இப்போது தோன்றுகிறது. இப்படி எழுதும்போதே, அக்கறையின்மைக்கு நான் சித்தாந்தத்தைத் துணைக்கு அழைக்கிறேனோ என்ற அச்சமும் வருகிறது.

சுவடியின் கடைசி ஏட்டில், எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டு, எழுதியவர் முடித்திருந்தார். பல சுவடிகளில் காணும் வழக்கம்தான். அவையடக்கம் என்று கடந்துபோவோம். அவர் உண்மையாகவே கேட்டிருக்கிறார். ஓலை நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சில நூற்றாண்டுகளுக்குமேல் நிற்பது அரிது. முன் ஏடு உதிர்வதற்குள் பின் ஏட்டை எழுதியாக வேண்டும். நம் கைக்கு வந்திருக்கும் ஒவ்வொரு பழைய பாட்டும், பிழையோடு எழுதிமுடிக்கத் துணிந்த யாரோ ஒருவரால் வந்தது. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் வெளியிட்டார். திருத்திய இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தது. நடுவில் இருந்த இருபது ஆண்டுகளும் நூல் வாசகர் கையில் இருந்தது. அவரைவிட எனக்குப் பிழை அச்சம் மிகுதி என்றால், அது எனக்குப் பெருமை ஆகுமா?

முறிந்த துண்டைப் புல்தைலம் தடவி, இரண்டு மெல்லிய தாள்களுக்கு இடையே வைத்திருக்கிறோம். முறிவு அந்தச் சொல்லின் குறுக்கே போயிருக்கிறது. பாட்டு அழியவில்லை, ஒளிப்படம் இருக்கிறது என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். உதவியாளர் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். விடைபெறும்போது வணங்கிவிட்டு, "புத்தகம் வந்தால் ஒரு பிரதி அனுப்புங்கள் ஐயா" என்றார். 'வந்தால்' என்றுதான் சொன்னார்.

மூலத்தில் 'பரவி' என்று வைத்து, 'பாவி எனவும் படிக்க இடமுண்டு' என்று அடிக்குறிப்பு எழுதியிருக்கிறேன். அந்த அடிக்குறிப்பை முதல் ஆண்டிலேயே எழுதியிருக்கலாம். அச்சுக்கு முன் திருத்த வரும் படிகளில் இரண்டாம் மெய்ப்பு திருத்தி அனுப்பியாகிவிட்டது. மூன்றாம் மெய்ப்பு ஐந்து வாரமாக என் மேசையில் இருக்கிறது. அச்சகத்திலிருந்து இருமுறை கேட்டுவிட்டார்கள். கடைசிப் படிவத்தை மட்டும் இன்னொரு முறை பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.