காவடிக்கு முன் ஒரு கொசு ஒழிப்புத் திட்டம்: மூன்று அலுவலகங்களும் ஒரு டயர்க் குவியலும்

மொரிஷியஸில் தைப்பூசக் காவடி மழையும் வெக்கையும் சேர்ந்த பருவத்தில் வருகிறது. கொடியேற்றம் தொடங்கிப் பத்து நாள் விரதத்தில் காலையும் மாலையும் கோவிலில் கூடுபவர்களுக்கு, அதே நேரங்களில் மும்முரமாகக் கடிக்கும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவே பெருந்தொல்லை. 2005-06இல் பட்டது போதாதென்று 2025இல் அண்டைத் தீவான ரீயூனியனிலும் நம் தீவிலும் அந்தக் கொசு பரப்பும் சிக்குன்குனியா மீண்டும் தலைகாட்டியதால், கொசு, எலி போன்ற நோய் பரப்பும் உயிரிகளைச் சேர்த்தே ஒடுக்கும் ஒருங்கிணைந்த நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்றை எழுதி ஒப்புதல் பெற எங்கள் கோவில் சபை தீர்மானித்தது. எழுதி அலையும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் அலுவலகத்தில் இருந்த எழுத்தர், நான் நீட்டிய தாள்கட்டைப் பிரிக்காமலேயே, “புகையடிக்கக் கேட்டு ஒரு தாள் எழுதிக் கொடுங்கள், போதும்” என்றார். புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும்; தண்ணீரிலுள்ள புழுவையும், பாத்திரச் சுவரில் ஒட்டி, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் முட்டையையும் அது தொடாது. வெக்கைக் காலத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரமோ சற்றுக் கூடுதலோ போதும் என்பதால், கொடியேற்றத்தன்று புகையடித்தால் காவடியன்று புதுக் கொசு தயாராக இருக்கும். இதை நான் விளக்கியபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கோவிலை ஒட்டிய தனியார் நிலத்தில் கிடந்த பழைய டயர்க் குவியல்தான் உண்மையான தலைவலி. முதல் அலுவலகம் அது குப்பை என்றது. இரண்டாவது, தனியார் நிலத்தில் கைவைக்க முடியாது என்றது. மூன்றாவது, உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் கோப்பே திறக்க முடியாது என்று திருப்பி அனுப்பியது. அப்படி ஒரு கடிதம் தேவை என்று முதல் இரண்டு இடங்களிலும் யாரும் மூச்சுவிடவில்லை. வெளியூரில் இருந்த உரிமையாளரைத் தேடிப் பிடிப்பதற்குள் ஒரு பெருமழை பெய்து டயர்கள் நிரம்பிவிட்டன.

கோப்பை நகர்த்தியது எங்கள் சபைச் செயலாளர் அக்கா போட்ட அட்டவணைதான். பூசை முடிந்ததும் இளைஞர்களை இருவர் இருவராகச் சுற்றுத் தெருக்களுக்கு அனுப்பி, தண்ணீர் தேங்கிய ஒவ்வொரு பொருளையும், அதில் புழு உண்டா என்பதையும், அது யாருடையது, யார் அகற்ற வேண்டும் என்பதையும் வரிசையாக எழுதவைத்தார். அதிலிருந்து பிரெட்டோ குறியீட்டை, அதாவது நூறு வீடுகளுக்கு எத்தனை பாத்திரங்களில் புழு இருக்கிறது என்பதை, கணக்கிட்டு முதல் பக்கத்தில் வைத்தோம். “கொசு அதிகம்” என்ற மனுவை ஒதுக்கியவர்கள், பெயரும் பொறுப்பும் எதிரெதிரே எழுதப்பட்ட தாளை ஒதுக்கத் தயங்கினார்கள். வெள்ளைக் கிண்ணத்தில் புழு நெளியும் படங்களையும் இணையுங்கள். பேச்சு பாதியாகக் குறையும்.

கணக்கெடுப்பில் கோவிலும் தப்பவில்லை. எல்லோரும் குற்றம் சாட்டிய குளத்தில் மீன் இருந்ததால் புழுவே இல்லை. தேரை மூடிய தார்ப்பாயின் மடிப்பிலும், கவிழ்க்காமல் வைத்த பால்குடங்களிலும், மதிலோரம் குவிந்த அகல்களிலும் தேங்காய் ஓடுகளிலும்தான் நெளிந்தது. கவிழ்ப்பது, மூடுவது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுவது ஆகியவை முதலில். அகற்ற முடியாத வடிகால் தேக்கங்களுக்கு மட்டும் பிடிஐ என்னும் நுண்ணுயிரிப் புழுக்கொல்லி. நோயாளி தென்பட்டால் மட்டும் புகை என்று வரிசைப்படுத்தினோம்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் நாகசுரக் கலைஞர்களின் வருகை விவரத்தைச் சுகாதார ஆய்வாளரிடம் முன்கூட்டியே கொடுப்பதையும் திட்டத்தில் சேர்த்தோம். மலேரியா உள்ள நாட்டிலிருந்து வருபவர் அந்நோயைக் கொண்டுவரக்கூடும் என்பதே காரணம். இதை மிகை என்று சிலர் முகம் சுளித்தார்கள். மலேரியா ஒழிந்ததாக 1973இல் சான்று பெற்ற இந்தத் தீவில், 1975இல் வீசிய ஜெர்வேஸ் புயலுக்குப் பின் அந்நோய் திரும்பியது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு இன்றும் இங்கே இருக்கிறது. எனவே அந்த வரியை நான் எடுக்கவில்லை.

ஒவ்வொரு தாளுக்கும் மறுபிரதி வைத்து, அதில் தேதியோடு முத்திரை வாங்காமல் எந்த அலுவலகத்தையும் விட்டு வெளியேறாதீர்கள். “வரவே இல்லை” என்று சொல்லப்பட்ட எங்கள் கடிதம், முத்திரையைக் காட்டியதும் அதே மேசையிலிருந்து கிடைத்தது.

டயர்கள் கொடியேற்றத்துக்கு முன்பே போய்விட்டன. எலிக்காகக் கேட்டது மட்டும் நடக்கவில்லை: காவடியன்று ஏழுகறி விருந்தின் வாழையிலைகளும் மிச்சங்களும் இரவு முழுவதும் கிடந்தால் எலி பெருகும், எலிச் சிறுநீரால் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் பரவும், மறுநாள் சுத்தம் செய்ய வருவோரில் பலர் வெறுங்காலோடு வருவார்கள் என்றெல்லாம் எழுதியும், விடுமுறை நாளில் குப்பை வண்டி வராது என்று பதில் வந்தது. சபைப் பணத்தில் ஒரு லாரி பேசியிருக்கிறோம். அதன் ரசீதை அடுத்த ஆண்டு மனுவோடு இணைப்பதாக இருக்கிறேன்.