ட்ரெமடாக்: காரை விட்டு இறங்கினால் பாறை

வட வேல்ஸில் பாறை ஏறப் போனால் நாம் போட்ட திட்டத்துக்கு மதிப்பே கிடையாது, மழை என்ன சொல்கிறதோ அதுதான். மலைகளுக்கு நடுவே இருக்கிற லான்பெரிஸ் பக்கம் கொட்டினால் காரை ட்ரெமடாக்குக்குத் திருப்புவார்கள். பெரிய மலைகளை விட்டு விலகிக் கடல் பக்கமாக இருப்பதால் அங்கே பல நாள் காய்ந்தே கிடக்கும். போன வாரம் நாங்களும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தோம்.

ரோட்டை ஒட்டி ஓக் மரங்கள், அதற்கு மேலே டாலரைட் என்ற எரிமலைக் குழம்பு இறுகிய பாறை, நடந்தால் சில நிமிடம். ஒரு காலத்தில் கடல் இதன் அடிவரை வந்திருக்கிறது. மேடக்ஸ் என்பவர் 1811-இல் கட்டி முடித்த கரை தண்ணீரைத் தடுத்துவிட்டதால் இப்போது கீழே புல்வெளி.

ரோட்டோரப் பாறை என்றாலே இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் உண்டு, ரெண்டு மணி நேரம் நடக்காமல் ஏறினால் அது ஏற்றமே இல்லையாம். சரி, பெரிய பாறையேறி ஜோ பிரவுன் 1960-இல் முதல்முதலாக ஏறிய 'வெக்டர்' என்ற கடினமான வழி இங்கேதான் இருக்கிறது, போய் ஏறிவிட்டு வந்து பேசட்டும்.

நாங்கள் எடுத்தது 'கிறிஸ்மஸ் கறி', 1953-இல் டோனி மௌலம் முதலில் ஏறிய வழி. (பேருக்காகத்தான் எடுத்தோம், வேறென்ன.) எத்தனையோ பேர் கால் வைத்து, கோயில் படி மாதிரி வழவழத்துப் போயிருக்கிறது. இங்கே கயிற்றை மாட்டப் பாறையில் போல்ட் அடித்து வைத்திருக்க மாட்டார்கள், முதலில் ஏறுகிறவர் தானே விரிசல் தேடி நட் (கம்பி வைத்த சின்ன உலோக ஆப்பு) சொருகி, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டே போக வேண்டும். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் ஒரு விரிசல் கிடைத்தது. முதல் நட் ஒரு பக்கம் மட்டும் ஒட்டி ஆடியது, ஒரு சைஸ் சின்னதைப் போட்டுக் கீழ்ப்பக்கமாக வெடுக்கென்று இழுத்ததும் 'டிக்' என்று உட்கார்ந்தது. அதற்குள் கீழே கயிறு பிடித்திருந்த தம்பியிடமிருந்து "என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று குரல். அப்புறம் பின்னால் ஏறி வந்தபோது அதே நட்டைக் கழற்ற முடியாமல் தம்பி கொக்கியால் தட்டித் தட்டி, "சிமென்ட் வச்சுப் பூசுனீங்களா?" என்று கத்தினான், ரோட்டில் போன லாரிச் சத்தத்தில் மீதித் திட்டு எனக்குக் கேட்கவில்லை.

புதிதாகப் போகிறவர்கள் கிரேடை, அதாவது வழி எவ்வளவு கஷ்டம் என்ற குறியீட்டை, முழுசாகப் படியுங்கள். முன்னால் வரும் வி.எஸ். ('வெரி சிவியர்') மொத்த வழியின் கஷ்டம், பின்னால் வரும் நம்பர் அதில் ரொம்பக் கஷ்டமான ஒரு இடத்துக்கு. வி.எஸ். 5ஏ என்றால் ஒரு இடம் கஷ்டம், ஆனால் பெரும்பாலும் அங்கே நட் நன்றாக விழும். வி.எஸ். 4ஏ என்று பார்த்தால்தான் உஷாராக வேண்டும்: ஏறுவது சுலபம், நட் போட இடம் இருக்காது. நம்பரை மட்டும் பார்த்துவிட்டு ஏறுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நடந்து இறங்கும் பாதை செங்குத்து, மழை பெய்திருந்தால் சேறு வேறு, ஏறும் ஷூவோடு அதில் இறங்கவே இறங்காதீர்கள். சாதா ஷூவை ஹார்னெஸ் (கயிறு கட்டும் இடுப்புப் பட்டை) பின்னால் மாட்டிக்கொண்டே மேலே போங்கள்.