ஆகலா பழமும் கோத்தகிரி முள்ளும்

ஹவாய் என்றதும் எல்லாருக்கும் கடற்கரைதான் ஞாபகம் வரும். நாங்கள் ஜூன் மாதம் போய்த் தங்கியதோ வால்கேனோ என்ற மலைக் கிராமத்தில். கிலாவியா எரிமலைக்குப் பக்கம், சுமார் 1,200 மீட்டர் உயரம். விடாத தூறல், ஆளை மறைக்கும் மரப் பெரணிகள். ஸ்வெட்டர் எடுத்துவைக்காததற்கு மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் தேடிப்போனது ஆகலா. ஹவாய்த் தீவுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத காட்டு ராஸ்பெரி. நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா கொல்லைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பெரிய நெல்லிக்காய் அளவுக்குக் கருஞ்சிவப்புப் பழம். தண்டைத் தயங்கித் தயங்கித்தான் தொட்டேன், குத்தவில்லை. இளங்கிளையில் மட்டும் பேருக்குக் கொஞ்சம் மெல்லிய முள்.

இதன் நெருங்கிய சொந்தம் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது. பறவை வயிற்றில் கடல் தாண்டி வந்த விதையாம். இந்தத் தீவுகளின் காட்டில் பூர்வீகப் பாலூட்டி என்றால் வௌவால் ஒன்றுதான். மேய வாய் இல்லாத ஊரில் முள்ளுக்கு என்ன வேலை? அப்புறம் மனிதர்கள் பன்றியையும் ஆட்டையும் மாட்டையும் கொண்டுவந்தார்கள். ஆகலா பாடு திண்டாட்டமாகிவிட்டது.

ருசி? முதலில் புளிப்பு, பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு. நான் முகத்தை மாற்றாமல்தான் இருந்தேன். அந்த அம்மாவே சிரித்துவிட்டு, “ஜாம் போட்டால்தான் சரிவரும்” என்றார். அந்தக் காலத்தில் இதன் சாற்றை மரப்பட்டைத் துணிக்குச் சாயமாகப் போட்டார்களாம். ஹவாய் மொழியில் இளஞ்சிவப்புக்கும் ஆகலா என்றே பெயர்.

திரும்பும்போது வேலியோரம் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. சிவப்பு மயிர் அடர்ந்த தண்டு, நடுநடுவே கொக்கி முள். கோத்தகிரியில் பள்ளிக்கூடம் போகும் வழியில் பறித்துத் தின்ற அதே பழம்! “இது எங்க ஊர்ப் பழம்” என்று பெருமையோடு சொன்னேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது. 1960-களில் இங்கே வந்து சேர்ந்ததாம். பறவைகள் தின்று விதை பரப்ப, காட்டுக்குள் புதராக மண்டி ஆகலாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலிலும் நம்ம ஊர்க்காரர் இருக்கிறார். வெட்டினால் போதாது, வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

மறுநாள் காலை மண்வெட்டியோடு நானும் இறங்கினேன். ஒரு மணி நேரத்தில் மூன்று புதர், கை முழுக்கக் கீறல். பழம் ஒன்றுகூடக் கீழே விழக்கூடாது, பையில் போடுங்கள் என்றார் அம்மா. பாதி பைக்குப் போனது, பாதி என் வாய்க்கு. ஆகலாவைவிட இதுதான் இனிப்பு. அதை அவரிடம் எப்படிச் சொல்ல?