ஹம் காமாட்சி அம்பாள் தேரும் அம்மாவின் நட்சத்திரமும்

மாசி மாதம் அம்மாவுக்கு இதய வால்வு ஒப்பரேசன். உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தியதும் நடைபாதையில் நின்று நேர்த்தி வைத்தேன். "அம்மா எழும்பி நடந்தால் தேரன்று கற்பூரச்சட்டி எடுப்பேன், தாயே." ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரமும் வேறெதுவும் வாயில் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது ஒரு படிவம் தந்தார்கள். அதில் சமயம் என்று ஒரு கட்டம் இருந்தது. கத்தோலிக்கம், புரொட்டஸ்தாந்து, மற்றவை. மற்றவை என்பதில் புள்ளடி போட்டேன். பக்கத்தில் நின்ற ஜேர்மன் பெண் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். இங்கே ஜேர்மனியில் இப்போது அது சாதாரணம். 2022இல் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விலகினார்கள். இரண்டு பெரிய திருச்சபைகளிலும் இருப்பவர்களைச் சேர்த்துக் கூட்டினாலும் நாட்டின் சனத்தொகையில் பாதி வராது என்ற நிலையும் அதற்குள் வந்துவிட்டது. எங்கள் பக்கத்து வீட்டு ஜேர்மன் அம்மாவும் நீதிமன்றத்துக்குப் போய், 30 யூரோ கட்டி, கையெழுத்து வைத்து விலகியவர்தான். வருமான வரிக்கு மேலே அதில் 9 சதவீதம் தேவாலய வரியாகவும் போகிறது என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் அம்மா வீட்டுக்குத் திரும்பிய அன்று முதலில் மெழுகுதிரி கொண்டுவந்தவரும் அவர்தான். "உங்கள் சாமிக்கு முன்னால் வையுங்கள்" என்றார். வைத்தேன்.

தேருக்கு விடியக்காலையிலேயே புறப்பட்டோம். அம்மா, நான், மகள், பக்கத்து வீட்டு அம்மா. அவர் தானாகவே வருகிறேன் என்றார். ஒன்றரை மணி நேர ஓட்டம். ஏ2 நெடுஞ்சாலையில் இருந்து ஹம் நகரின் ஊன்ரொப் பகுதியில் இறங்கியதுமே வாகனங்கள் நின்றுவிட்டன. கோயில் இருப்பது தொழிற்பேட்டையில். கிடங்குகள், லொறிகள், மின்நிலையம், அவற்றுக்கு நடுவே 17 மீட்டர் உயர ராஜகோபுரம். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த வளைவில் திரும்பும்போது என் கை தானாகக் கும்பிடும்.

வாகனம் விடத்தான் படாத பாடு பட்டோம். ஒரு முற்றத்து வாசலில் நின்றவர் 15 யூரோ கேட்டார். முன்னால் போனவரிடம் 10 வாங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். சக்கர நாற்காலியில் அம்மா இருக்கிறார் என்று தெரிந்துதான் கூட்டிக் கேட்டார். நேர்த்திக்கு வந்த நாளில் வாய்ச்சண்டை வேண்டாம் என்று கொடுத்துவிட்டேன். ஆனாலும் மனம் எரிந்தது. தேரன்று இப்படிச் செய்யலாமா?

தேர் என்றால் ஊரில் திதியும் நட்சத்திரமும் பார்த்து வரும் நாள். அன்று ஊரே நிற்கும். இங்கே தேர் ஞாயிற்றுக்கிழமைதான் ஓடும். இல்லாவிட்டால் பாரிசிலும் சூரிச்சிலும் வேலை செய்கிற சனம் எப்படி வரும்? வந்த புதிதில் அம்மா இதைப் பெரிய குறையாகச் சொல்லுவார். "அம்பாளையும் லீவு நாளுக்குக் காத்திருக்க வைச்சிட்டாங்கள்" என்பார். இப்போது சொல்வதில்லை. 1989இல் ஹம் நகரில் ஒரு சின்ன இடத்தில் தொடங்கிய வழிபாடு. தங்க ஓரிடமில்லாமல் மாறி மாறி இருந்து, பிறகு இங்கே வந்து, 2002இல் கும்பாபிஷேகம் கண்டது. அந்தக் கும்பாபிஷேகத்துக்கு அம்மா மழைச்சட்டையோடு வந்து நின்றவர். அகதியாக வந்த சனம் கட்டிய கோயில் என்று சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரல் தழுதழுக்கும்.

உள்ளே போனோம். சனமோ சனம். தேருக்கு 15,000, 20,000 பேர் வருகிற இடத்தில் நெருக்கம் இல்லாமல் இருக்குமா? அதையல்ல, கைத்தொலைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நிற்பவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. திரை விலகி அம்பாள் முகம் தெரிகிற நேரத்தில் எனக்கும் அவளுக்கும் நடுவே ஐந்தாறு கண்ணாடிச் சதுரங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன அம்பாள். வயதானவர்கள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். கையை இறக்குங்கோ பிள்ளையள் என்று யாரோ கத்தினார். இறக்கவில்லை.

அர்ச்சனைத் தட்டோடு முன்னுக்குப் போனபோது குருக்கள் ஐயா கேட்டார்: "பெயர், நட்சத்திரம்?"

அம்மாவின் பெயரைச் சொன்னேன். அதன்பிறகு என் வாயில் வந்தது அம்மாவின் பிறந்த திகதி. ஜேர்மன் மொழியில். நாள், மாதம், வருடம். நான்கு மாதமாக ஒவ்வொரு மேசையிலும், ஒவ்வொரு தாதியிடமும், மருந்துக்கடையிலும், தொலைபேசியிலும் அதையே சொல்லிச் சொல்லி, அம்மா என்றால் அந்த எண்கள்தான் என்று ஆகிவிட்டது. ஐயா என்னைப் பார்த்தபடி நின்றார். நட்சத்திரம் வரவே இல்லை. அம்மாவின் நட்சத்திரம், சின்ன வயதிலிருந்து எத்தனை நூறு அர்ச்சனையில் கேட்டது, நெஞ்சுக்குள் தேடுகிறேன், இல்லை.

"உத்தரட்டாதி. மீன ராசி" என்றது பின்னால் ஒரு குரல். என் மகள்.

பதினாலு வயது. இங்கே பிறந்தவள். தமிழ்ப் பள்ளிக்கு அழுதுகொண்டு போனவள். கோயிலுக்கு வா என்றால் ஏன் என்று கேட்பவள். நானும் கட்டாயப்படுத்துவதில்லை. இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. ஒரு ஞாயிறு வராவிட்டால் ஊரில் போல, ஏன் காணவில்லை என்று நாலு பேர் வீட்டுக்கு வரமாட்டார்கள். வரவேண்டும் என்று அவரவர் நினைத்தால்தான் உண்டு. அப்படி இருக்க, இவளுக்கு எப்படித் தெரியும்? பிறகு கேட்டேன். நான் வேலைக்குப் போன பின்னேரங்களில் ஆஸ்பத்திரியில் அம்மம்மாவின் கட்டிலருகே இருந்து ஒவ்வொருவருடைய நட்சத்திரமாகக் கேட்டு எழுதி வைத்திருக்கிறாள். ஜேர்மன் எழுத்தில். என்னுடையது, தன்னுடையது, எப்போதோ செத்துப்போன அப்பப்பாவுடையது வரைக்கும்.

அவள் "ரட்டாதி"யை உச்சரித்த விதம் பிழை. ஐயா சங்கல்பத்தில் திருத்திச் சொன்னார். பிழையோ சரியோ, அம்பாளின் காதில் அது விழுந்தது. பூ என் கையில் வந்தபோது என்னால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை.

அப்புறம் தேர் புறப்பட்டது. வடம் அசைந்தது, அரோகரா எழுந்தது, காவடிகள் போயின, பெண்கள் விழுந்து கும்பிட்டு அடி அழித்துக்கொண்டு போனார்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்ல எனக்கு நினைவில்லை. வேப்பிலை பரப்பிய சட்டி கையில் இருந்தது. தார் வீதி காலைச் சுட்டது. நெருப்புத் தணியத் தணிய மகள் கற்பூரம் போட்டுக்கொண்டே வந்தாள். விரல் சுட்டபோதும் விடவில்லை. ஒரு வளைவில் பார்க்கிறேன், வீதியோரம் மர நிழலில் அம்மா சக்கர நாற்காலியில். பக்கத்து வீட்டு அம்மா குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். தேர் நெருங்கியது. அம்மா நாற்காலியின் கைகளைப் பிடித்து எழுந்தார். வேண்டாம் என்று கத்த நினைத்தேன், குரல் வரவில்லை. எழுந்து நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற அந்த ஜேர்மன் அம்மா குடையை மடித்துவிட்டுத் தானும் தலை குனிந்தார்.

தாயே, எழுந்து நடந்தால் என்றுதானே கேட்டேன். உன் தேருக்கு முன்னால் எழுப்பி நிறுத்தினாய். காமாட்சித் தாயே, வேறு என்ன சொல்ல, இந்தக் கையிலிருக்கிற நெருப்புத்தான்.

திரும்பி வரும்போது அம்மா விபூதி நெற்றியோடு பின் இருக்கையில் நித்திரையாகிவிட்டார். மகள் மடியில் அர்ச்சனைத் தட்டு. பக்கத்து வீட்டு அம்மா தன் நட்சத்திரம் என்ன என்று கேட்டார். மகள் அவருடைய பிறந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.