வெள்ளையாகவே வந்த ஹிஞ்ச்

செப்டம்பர் 28, 2025, ஞாயிறு

விமானம் விழுந்துவிட்டது. மதுராந்தகம் தாண்டி நாங்கள் வழக்கமாகப் பறக்கவிடும் தரிசில், காலை ஆறே முக்காலுக்கு. ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம், ஒன்றரை மீட்டர் இறக்கை வைத்த டிரெய்னர், அதாவது பழகுகிறவர்களுக்கான வகை. பால்சா என்கிற லேசான மரக் கட்டையில் எட்டு மாதம் உட்கார்ந்து நானே செய்தது. இன்றைக்கு நான்காவது பறத்தல்.

சும்மா வட்டமடித்துக்கொண்டிருந்தவன் ஆசை யாரை விட்டது, மூக்கைச் சாய்த்து வேகமாக எங்கள் முன்னால் கொண்டுவந்தேன். வலது இறக்கையிலிருந்து 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஓடுகிற ஃபேனில் காகிதம் உரசினால் வருமே, அது. ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் எய்லரான் (விமானத்தைச் சாய்த்துத் திருப்ப இறக்கையின் பின் விளிம்பில் ஆடுகிற பலகை) பாதி கழன்று தொங்கியது. விமானம் உருண்டுகொண்டே போய் சீமைக்கருவேலத்துக்குள் சொருகிக்கொண்டது.

மோட்டார், பேட்டரி, ரிசீவர் எல்லாம் பிழைத்தன. முள் குத்தியது எனக்குத்தான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆபீஸ் விட்டு வந்ததும் பிரேதப் பரிசோதனை. வலது எய்லரானை இறக்கையோடு பிணைப்பது நான்கு ஹிஞ்ச், அதாவது கீல். உடம்புப் பக்கம் இருந்த இரண்டும் பால்சாவைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன. ஓட்டினவன் அடித்த அடிக்கு அது நியாயம். இறக்கை நுனிப் பக்கம் இருந்த இரண்டும் முழுசாக, வெள்ளையாக, பாக்கெட்டிலிருந்து எடுத்த மாதிரியே வந்திருந்தன. விளிம்பில் மட்டும் நகத்தளவு பசை காய்ந்து கிடந்தது. அதாவது, அவை ஒட்டவே இல்லை. மூன்று பறத்தலுக்கு ஏதோ தயவில் உள்ளே இருந்திருக்கின்றன.

இந்த சிஏ ஹிஞ்ச் (சிஏ என்றால் சயனோஅக்ரிலேட், சூப்பர் க்ளூ வகைப் பசை) பார்க்க ஒன்றுமில்லாத பொருள். கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய தாள் துண்டு. நடுவில் மெல்லிய பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் பஞ்சுபோல இழை. தண்ணீராக இருக்கும் சிஏ பசையைச் சொட்டினால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த இழை உள்ளே இழுத்து மரத்தோடு சேர்த்துக் கட்டிவிடும். பசை தண்ணீராக இருந்தால்தான் இந்த வேலையெல்லாம். நான் ஊற்றியது மேஜை டிராயரில் ஆறு மாதம் கிடந்த பாட்டில். லேசாகத் தேன் பதம் வந்திருந்தது. 'பரவாயில்லை, கெட்டியாக இருந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்' என்று நினைத்தது நினைவிருக்கிறது. மரத்தில் ஹிஞ்ச் நுழையும் பிளவின் வாயிலேயே இறுகி, உள்ளே போக வழியை அடைத்துவிட்டது.

சிஏ காய்வது வெயிலால் இல்லை, ஈரத்தால். 1942ல் கோடாக் கம்பெனியில் ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இந்தச் சரக்கு கிடைத்தது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறதே என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள். 1958ல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது. காற்றில் இருக்கிற ஈரமே அதற்குப் போதும். தாம்பரத்தில் திறந்த பாட்டிலை டிராயரில் வைத்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கத்தி, உப்புத்தாள் கட்டை, சின்ன டிரில், இஸ்திரிப் பெட்டி எல்லாம் சாமி முன்னால் போய்விட்டன. உடைந்த விமானத்தையும் மனைவி வைத்தாள். "என்னங்க, இது லொடலொடன்னு ஆடுதே" என்றாள், இடது எய்லரானில் சந்தனம் வைக்கும்போது. "அது ஆடணும்மா. ஆடினாத்தான் விமானம் திரும்பும்" என்று விளக்கம் சொன்னேன்.

இன்று எதையும் தொடக்கூடாது. சுண்டலும் பொரியும் தின்றுகொண்டு என் கத்தியை நானே தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. நல்ல நாள், லீவும்கூட. புது எய்லரானுக்குப் பால்சா சீவினேன். ஈக்வடாரிலிருந்து கப்பலில் வருகிற மரம், விலையும் அந்தத் தூரத்துக்கு ஏற்றபடி. அதனால் முதலில் கழிவுத் துண்டில் பிளவு போட்டுப் பழகினேன்.

ஹிஞ்ச் வேலையில் கை நடுங்குகிற இடம் இந்தப் பிளவுதான். கட்டையின் கனத்தில் சரி பாதியில் கோடு. பால்பாயிண்ட் பேனாவை ஒரு மரத்துண்டின் மேல் படுக்க வைத்து ஒரு பக்கம் இழுப்பேன், கட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் இழுப்பேன். இரண்டு கோடு விழுந்தால் அவற்றுக்கு நடுவே உண்மையான நடு. அப்புறம் 11ஆம் நம்பர் பிளேடு. அழுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குத்திக் குத்திப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். பால்சாவின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் பிளேடு தானாகப் போகப் பார்க்கும். மூன்றாவது பிளவில் போய்விட்டது. அடிப்பக்கம் நுனி எட்டிப் பார்த்தது. சீவல் திணித்து ஒட்டி, அரை விரல் தள்ளி வேறு போட்டேன்.

ஒவ்வொரு பிளவின் நடுவிலும் ஒன்றரை மில்லிமீட்டர் டிரில்லால் ஓர் ஓட்டை. போன தடவை சோம்பல்பட்டு விட்டது இதைத்தான். ஓட்டை ஒரு சின்னக் கிணறு மாதிரி. பசை அதில் இறங்கி, ஆழத்திலிருந்து ஹிஞ்சின் அகலம் முழுக்கப் பரவும்.

எய்லரானின் முன் விளிம்பை இரண்டு பக்கமும் சரித்து உப்புத்தாள் போட்டேன். இல்லையென்றால் மேலே தூக்கும்போது இடிக்கும், இடிக்காமலிருக்க இடைவெளி விடுவோம், அந்த இடைவெளியில் காற்று ஒழுகும். எய்லரானுக்குப் பலமும் குறையும், படபடப்பும் சேரும். ஞாயிற்றுக்கிழமை கேட்ட 'ர்ர்ர்' அந்தப் படபடப்புதான். புயலில் ஒரு ஆணி கழன்ற தகரக் கூரை மற்ற ஆணிகளையும் எப்படிப் பிடுங்குமோ அப்படி.

அக்டோபர் 4, சனி

கவரிங், அதாவது மரத்தின் மேல் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறை, ஒட்டி முடித்தாயிற்று. கவரிங் முதலில், ஹிஞ்ச் அப்புறம்.

எங்கள் குழுவில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "எதுக்கு அங்கிள் இவ்ளோ கஷ்டம்? நான் டேப்தான்" என்றான். அவனுடையது ஃபோம் போர்டு. விளிம்பைச் சரித்து வெட்டி, எய்லரானை முழுசாக மடக்கிப் போட்டு நார் டேப் ஒட்டினால் தீர்ந்தது. அவன் எடைக்கு அது போதும், உண்மைதான். பெரிய விமானக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுக்கு ஆணி கோத்த நைலான் ஹிஞ்ச், எபாக்சி, மூட்டில் பசை ஏறாமல் வாசலின், போதாததற்குக் குறுக்கே பல்குச்சி ஆணி.

அக்டோபர் 5, ஞாயிறு

ஒட்டினேன். பழைய பாட்டில் குப்பைக்குப் போய்விட்டது. புது சிஏ ஃபிரிட்ஜில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால், மூடி போட்ட டப்பாவில். (தெரிந்தால் நான் காலி.) எடுத்து அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கவில்லை.

ஹிஞ்சின் நடுவில் குண்டூசி குத்தி, பாதி இறக்கையில், பாதி எய்லரானில். குண்டூசி இருப்பதால் ஒரு பக்கமே முழுக்க உள்ளே போய்விடாது. நெருக்கி, ஊசியை உருவி, தாள் கனத்துக்கு இடைவெளி விட்டு, எய்லரானை முழுக்க மடக்கிப் பிடித்துக்கொண்டு சொட்டினேன். மேலே ஆறு சொட்டு. ஒவ்வொன்றும் விழுந்ததும் காணாமல் போனது. அதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. திருப்பிப் போட்டுக் கீழே ஆறு. சீக்கிரம் காய வைக்கிற ஸ்பிரே அடிக்கவில்லை, அடித்தால் உள்ளே போகும் முன்பே இறுகிவிடும்.

மூன்றாவது ஹிஞ்சில் கை தவறிக் கொஞ்சம் லுங்கியில் கொட்டிவிட்டது. பருத்தியும் சிஏவும் சேர்ந்தால் சூடாகும் என்று படித்திருக்கிறேன். இன்று தொடை படித்தது. லேசாகப் புகைகூட வந்தது. துள்ளி எழுந்ததில் நாற்காலி விழுந்தது, விமானத்தைக் கீழே விடவில்லை. ரூபாய் நாணய அளவு சிவப்பு.

அக்டோபர் 6, திங்கள்

ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் இழுத்துப் பார்த்தேன். விரலால் இல்லை, மனசார. நான்கும் அசையவில்லை. பழகின கழிவுத் துண்டில் ஒட்டிய ஹிஞ்சைக் குறடால் பிடித்து இழுத்தேன். மரம் கிழிந்தது, ஹிஞ்ச் வரவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆறு மணிக்கு தரிசில் ஆஜர். காற்றே இல்லை, பறக்கவிட இதைவிட நல்ல காலை கிடைக்காது. பேட்டரி மாட்டும் முன் வலது எய்லரானை இழுத்தேன், கல் மாதிரி நின்றது. கை சும்மா இருக்காமல் இடது பக்கத்தையும் இழுத்தது.

நுனி ஹிஞ்ச் சத்தமில்லாமல் வெளியே வந்தது. வெள்ளையாக.

அதே நாள், அதே பாட்டில், அதே கை. எய்லரானின் மேல் சந்தனப் பொட்டு காய்ந்து அப்படியே இருந்தது. பேட்டரியை மாட்டாமலே பையில் வைத்தேன். வீட்டில் கேட்டால் இன்றைக்குக் காற்று அதிகம் என்று சொல்லிக்கொள்ளலாம்.