பதினொன்றில் எடுத்த குரூப்

"நீங்களும் ஜி.என்.எம். முடிச்சு வந்தவங்கதானே மேடம்?" என்று செவிலியர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்திருந்த அவள் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு அந்தக் கேள்வியை நினைத்த ஒவ்வொரு முறையும் அதில் ஒரு குத்தலைத் தேடியிருக்கிறேன், கிடைத்திருந்தால் எனக்குச் சற்று வசதியாக இருந்திருக்கும். தன்னைப் போல ஜி.என்.எம். என்கிற செவிலியர் டிப்ளமோ படித்த ஒருத்தி மேசைக்கு இந்தப் பக்கம் எப்படி வந்து உட்கார்ந்தாள் என்று அறிந்துகொள்ளும் ஆவலில்தான் கேட்டாள். "அது வேற காலம் மக்களே" என்றேன் நான். 'மக்களே' என்பது எங்கள் பக்கம் ஒரு பிள்ளையைச் செல்லமாக அழைக்கிற சொல், இரவுப் பணியில் சோர்ந்து நிற்கிற பிள்ளைகளிடம் வார்டில் சொல்வது. நேர்முகத் தேர்வில் யாரையும் நான் அப்படி அழைத்ததில்லை. இல்லை என்று சொல்லப்போகிற ஒருத்தியிடம் அது ஏன் வாயில் வந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஐ.சி.யு.வில் ஓர் இடம்தான் இருந்தது. கடைசியில் நின்ற இருவரில் ஒருத்தி அந்த ஆண்டு பி.எஸ்ஸி. நர்சிங் முடித்தவள். இவளோ டிப்ளமோ முடித்து, கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் முப்பது படுக்கைகள் கொண்ட ஒரு சிறிய மருத்துவமனையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவள். இருவருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தேன்: 50 மில்லி சிரிஞ்சில் இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தான நார்அட்ரினலின் 4 மில்லிகிராம், நோயாளியின் எடை 60 கிலோ, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் போக வேண்டும், பம்பில் மணிக்கு எவ்வளவு வைப்பீர்கள்? பி.எஸ்ஸி. பெண் தாள் கேட்டு வாங்கி, சூத்திரம் எழுதி, 4.5 மில்லி என்று சரியாகவே சொன்னாள். அந்த மருந்து இரத்தக் குழாயை எப்படிச் சுருக்குகிறது என்பதையும் தெளிவாக விளக்கினாள். இவள் தாள் கேட்கவில்லை. விடையைச் சொல்லிவிட்டு, "முதல் சிரிஞ்சு தீரும் முன்னே அடுத்ததை லோடு பண்ணி வச்சிரணும் மேடம், மாத்துற நேரத்திலதான் பிரஷர் விழும்" என்றாள். நான் அதைக் கேட்கவே இல்லை.

பிறகும் அவளை எடுக்கவில்லை. "என்.ஏ.பி.எச். அங்கீகாரத்துக்குப் போகிறோம், அதனால் ஐ.சி.யு.வுக்கு பி.எஸ்ஸி.தான் வேண்டும் என்கிறார்கள்" என்று காரணம் சொன்னேன். என்.ஏ.பி.எச். என்பது மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்து அங்கீகாரம் தரும் அமைப்பு. அதன் விதிகளில் அப்படி ஒரு வரி இல்லை. செவிலியர் தகுதி பெற்றவரா, செவிலியர் கவுன்சிலில் செய்த பதிவு செல்லுபடியாகிறதா, அந்தப் பிரிவின் வேலைகளைச் செய்யும் திறன் சோதிக்கப்பட்டதா என்பதுதான் அங்கே கேட்கப்படுவது. தமிழ்நாடு கவுன்சிலின் பதிவேட்டில் டிப்ளமோ முடித்தவளும் பட்டம் முடித்தவளும் பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற மகப்பேறு செவிலியர் என்ற ஒரே தகுதியில்தான் ஏறுகிறார்கள். இதையெல்லாம் மற்றவர்களுக்கு வகுப்பெடுப்பவள் நான்.

"என்கிறார்கள்" என்று சொன்னேனே, அந்தச் சொல்லும் சரியில்லை. பட்டதாரிகளை மட்டும் ஐ.சி.யு.வுக்கு எடுக்கலாம் என்று நிர்வாகக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்தவளே நான்தான். அதற்கு ஆதாரமாக 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் செவிலியர் பணி ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழுவினர் வெளியிட்ட ஆய்வைக் காட்டினேன். ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்றவர்களைப் பற்றிய ஆய்வு அது. பட்டம் பெற்ற செவிலியர் 10 சதவீதம் கூடினால், 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவதாக அது காட்டியது. அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் கூடும். அந்தக் கூட்டத்தில் முதல் பாதியை மட்டுமே வாசித்தேன். இரண்டாவதை வாசித்திருந்தால் ஆள் கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்திருக்கும். பட்டம் கேட்பதற்குச் செலவில்லை. அங்கே ஒப்பிடப்பட்ட படிப்புகளும் நம்முடைய மூன்று ஆண்டு டிப்ளமோவும் நான்கு ஆண்டு பட்டமும் ஒன்றுதானா என்றும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனாலும் பட்டத்தை வெறும் தாள் என்று சொல்ல என்னால் முடியாது. டிப்ளமோ முடித்தவர்களுக்குப் பட்டம் தரும் போஸ்ட் பேசிக் படிப்பை இரண்டு ஆண்டுகள் படித்தபோதுதான், அதுவரை கை மட்டும் செய்துகொண்டிருந்த பல வேலைகளின் காரணம் எனக்கு விளங்கியது. நான் எடுத்த பெண்ணும் ஏமாற்றவில்லை. வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் முதலில் மானிட்டரைப் பார்த்தவள், மூன்றாம் மாதத்தில் நோயாளியின் நெஞ்சைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். தவறான ஆளை எடுத்துவிட்டதாக வருந்தவும் எனக்கு இடமில்லை என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

ஏன் பி.எஸ்ஸி. சேரவில்லை என்று இவளிடம் கேட்டிருந்தேன். "பிளஸ் ஒன்ல ஆர்ட்ஸ் குரூப் மேடம்" என்றாள். பி.எஸ்ஸி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். டிப்ளமோவில் எந்தக் குரூப் எடுத்தவர்களும் சேரலாம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர் என்று விண்ணப்பத்தில் இருந்தது. வீட்டில் யாருக்கும் விவரம் தெரியாமல் பதினைந்து வயதில் எடுத்த ஒரு குரூப், இருபத்தேழு வயதில் என் மேசைவரை அவளைத் துரத்தி வந்திருந்தது. நானும் அதே ஆர்ட்ஸ் குரூப்தான். எனக்கு வேறு காலமாக இருந்தது எது? போஸ்ட் பேசிக் முழுநேரப் படிப்பு. இரண்டு ஆண்டுகள் சம்பளத்தை விட்டுவிட வேண்டும். அன்று என் கணவர் வளைகுடாவில் இருந்தார், மாதம் தவறாமல் பணம் வந்தது. விதி அன்றும் இதுதான். இதை அவளிடம் சொல்லியிருந்தால் கேட்டதற்குப் பதிலாவது சொன்னதாக இருந்திருக்கும்.

அவளுக்கு வேறு வழி இல்லாமலில்லை என்று சில நாட்கள் என்னைத் தேற்றிக்கொண்டேன். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்குச் செவிலியர்களை எடுக்க எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வை டிப்ளமோ முடித்தவர்களும் எழுதலாம். தொலைபேசியில் அழைத்துச் சொல்லலாம் என்று விண்ணப்பத்தில் எண்ணைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, நிபந்தனைகளை மறுபடி ஒருமுறை வாசித்தேன். டிப்ளமோ என்றால் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும், அதுவும் குறைந்தது 50 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில். பொதுப்பிரிவினருக்கு வயது வரம்பு 30. முப்பது படுக்கை இடத்தில் அவள் பார்த்த ஆறு ஆண்டுகளும் அங்கே கணக்கில் வராது. எங்கள் மருத்துவமனையில் 50-க்கு மேல் படுக்கைகள் உண்டு. அழைக்கவில்லை, எண் எழுதிய தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.