விவசாயி ஏன் பேசாமல் நின்றார்?

நேற்றுப் பின்னேரம் கிளிநொச்சியில் இருந்து விசுவமடுவுக்கு வந்து சேர இரண்டு மணித்தியாலம் பிடித்தது. வழியில் வெள்ளமும் இல்லை, ரயரும் காற்றுப் போகவில்லை. ஓட்டோவின் பின் சீற்றில் மூன்று பெட்டைகள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் மூத்தவள், சின்னக்கா வீட்டுப் பிள்ளை, தர்மபுரத்துப் பிள்ளை. உயர்தரத்தோடு எழுதுகிற பொதுச் சாதாரணப் பரீட்சைக்கு ரியூசனில் மாதிரிச் சோதனை வைத்திருக்கிறார்கள். 60 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 5 விடை. உண்மையான பரீட்சையிலேயே 30 புள்ளி எடுத்தால் கம்பஸுக்குப் போதும். கம்பஸுக்கு ஆள் தெரிகிற இசட் புள்ளியில் இதைச் சேர்க்கவும் மாட்டார்கள். 31 எடுத்தவளும் 59 எடுத்தவளும் ஒன்றுதான். பரந்தன் சந்தியில் திரும்பும்போதே இதை எடுத்துச் சொன்னேன்.

"நீங்கள் ரோட்டைப் பாருங்கோ அப்பா."

பார்த்தேன்.

பெரிய சண்டை ஒரே ஒரு பந்தியால். யானை இரவு வயலுக்குள் இறங்கி நெற்கதிரை மிதித்துவிட்டது. விடிய விவசாயி வரம்பில் நின்று பார்க்கிறார், ஒன்றும் பேசவில்லை. அவருடைய மௌனம் எதைக் காட்டுகிறது? கோபம், இயலாமை, பொறுமை, நம்பிக்கை, மேற்கூறிய எதுவுமில்லை.

"கோபம்தான்டி. முதல் வரியிலயே பல்லைக் கடிச்சார் எண்டு கிடக்கு."

"விசரி, அது குளிருக்கு. இயலாமைதான்."

சேருக்குப் போன் எடுத்தார்கள். நிறுத்தி வைத்திருக்கிறார். விவரமான மனுசன். கேள்வித்தாளை எடுக்க வேண்டும் என்று இரண்டு தரம் ஓட்டோவை நிறுத்தச் சொன்னார்கள், ஒரு தரம் அது காற்றில் பறந்து யாரோ ஒருவரின் வயலுக்குள் விழுந்தது. எடுக்கப் போனது யார் என்று கேட்க வேண்டாம். என் காற்சட்டையில் இன்னும் சேறு காயவில்லை.

இதில் தர்மபுரத்துப் பிள்ளை கிளிநொச்சி மாவட்டம், எங்கள் இரண்டும் முல்லைத்தீவு மாவட்டம். கம்பஸுக்கு எடுக்கிற வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு, ஆகவே ஒரே ஓட்டோவுக்குள் இரண்டு வெட்டுப்புள்ளி. ஒருத்தி இடத்தை மற்றவள் பறித்துவிடுவாள் என்றும் பெரிதாகப் பயமில்லை. பிறகு எதற்கு இந்தக் குத்துவெட்டு?

தர்மபுரத்தில் அந்தப் பிள்ளை இறங்கவேண்டும். இறங்கினாள், ஒரு காலை மட்டும். மற்றக் கால் ஓட்டோவுக்குள் நின்று இருபது நிமிடம் இயலாமைக்காக வாதாடியது. தாய் வெளியே வந்து விசயத்தைக் கேட்டார்.

"ஏன் அந்தாள் சும்மா நிண்டவர்? படம் எடுத்தவரோ? படம் இல்லாட்டிக் கந்தோரில நட்டஈட்டுக் கதையே எடுக்கேலாது. படம் இருந்தாலும் ஆறு மாசம் அலையவேணும்."

அவருக்குப் பந்தி விளங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

"நீங்கள் சொல்லுங்கோ மாமா" என்றாள் சின்னக்கா வீட்டுப் பிள்ளை. "நித்திரை" என்றேன். "இரவிரவா யானை வெடி கொளுத்தினவன் விடியக் கதைப்பானோ?" தாயும் மகளும் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அந்த விடை தாளில் இல்லையாம்.

மூத்தவள் மட்டும் சிரிக்கவில்லை. மற்ற 59 கேள்விக்கும் தொண்டை கிழியக் கத்தியவள், இந்த ஒன்றுக்கு வழி முழுக்க வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது கேட்டேன், என்ன போட்டாய் என்று.

"அஞ்சு. மேற்கூறிய எதுவுமில்லை."

"ஏன்?"

"போன பொங்கலுக்கு முதல் நாள் விடிய நீங்கள் வயலால வந்து என்ன சொன்னனீங்கள்? தேத்தண்ணி இருக்கோ எண்டு கேட்டீங்கள். பிறகு மாட்டுக்கு வைக்கல் போட்டீங்கள்."

நான் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். காற்சட்டைச் சேறு கழுவ வேண்டியிருந்தது.

விடை சனிக்கிழமைதான் சொல்லுவார்களாம். இரவு எட்டு மணிக்குச் சின்னக்கா வீட்டு வேலிக்கு மேலால் ஒரு டோர்ச் வெளிச்சம் வந்தது, பின்னாலேயே குரலும்.

"கோபம்தான்டி!"